ஸ்பூலில் தளர்வு கூடாது: ஸ்பின்னிங் ரீலில் நூல் ஏற்றுவது முதல் கழுவி வைப்பது வரை

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 8 அடி ராடு, 25 பவுண்டு தாங்கும் பி.இ. 1.5 (பி.இ. என்பது தடிமன் எண்) பிரெய்டு, அதாவது பின்னல் நூல் 150 மீட்டர், அதன் முனையில் லூரைக் கட்ட 30 பவுண்டு லீடர் நரம்பு (ஒற்றை இழை நைலான்). முகத்துவாரக் கரையில் நின்று கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுவதுதான் வேலை. பழவேற்காடு, முட்டுக்காடு மாதிரி உப்பங்கழி கடலைத் தொடும் இடங்களுக்கு இந்தக் கூட்டு நன்றாகப் பொருந்தும். இடையில் சின்னப் பாறை மீனோ சீலாவோ அடித்தாலும் தாங்கும்.

புதிதாக ரீல் வாங்கியவர்கள் நாலு வீச்சில் சிக்கு விழுந்ததும் ரீல் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் ஸ்பூலை, அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளையைப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு சுற்று தளர்வாக உட்கார்ந்திருக்கும்; அதன்மேல் அடுத்த சுற்றுகள் இறுக்கமாக ஏறியிருக்கும். அடுத்த வீச்சில் அந்தத் தளர்ந்த சுற்று தன் பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கொத்தாக வெளியே வரும். விலை கூடிய ரீலிலும் இது நடக்கும், மலிவான ரீலிலும் நடக்கும். கீழே வருகிற எல்லாப் படிகளும் சுற்றிச் சுற்றி இந்த ஓர் இடத்துக்குத்தான் வந்து சேரும்.

நூல் எப்படி வெளியே போகிறது

வீசும்போது ஸ்பூல் சுற்றாது. முன் விளிம்பைத் தாண்டி நூல் வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். கைத்தறி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: நாடாவுக்குள் இருக்கும் தார் அசையாமல் இருக்க, அதன் நுனி வழியாகத்தான் ஊடை நூல் உருவி வருகிறது. 1905இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த்தும் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த கம்பளி ஆலைக்காரர்தான்.

திரும்பச் சுற்றும்போது ரோட்டர் (ஹேண்டிலோடு சேர்ந்து சுழலும் தலைப்பகுதி) நூலை ஸ்பூலைச் சுற்றிக் கொண்டுபோய் வைக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு நூலில் ஏறுகிறது. அடுத்து வீசும்போது அதே முறுக்கு கழன்றுவிடுகிறது. இந்தக் கணக்கு நேராக இருக்கும்வரை நூலில் முறுக்கு சேராது. கணக்கைக் கெடுப்பவை மூன்று. டிராக் (மீன் பலமாக இழுத்தால் ஸ்பூலை வழுக்கி நூல் கொடுக்க விடும் பிரேக்) வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஹேண்டிலைச் சுற்றுவது முதலாவது. தண்ணீரில் தானாகச் சுழலும் லூரும் இரையும் இரண்டாவது. உப்பேறி உருளாமல் நின்றுபோன லைன் ரோலர் (பெயில் ஓரத்தில் நூல் ஓடும் சின்ன உருளை) மூன்றாவது. இதில் முதலாவதுதான் மோசம். 5.2:1 பல்விகிதம் உள்ள (ஹேண்டில் ஒரு சுற்றுக்கு ரோட்டர் 5.2 சுற்று) ரீலில் டிராக் வழுக்கும்போது ஹேண்டிலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் நூலில் ஐந்து முறுக்கு ஏறும், ஒரு சென்டிமீட்டர் நூல்கூட உள்ளே வராது. மீன் ஓடுகிற பதற்றத்தில் இருபது சுற்றுச் சுற்றிவிட்டால் நூறு முறுக்கு. அன்றைய வீச்சு அத்தோடு கெட்டது.

நூல் ஏற்றுவது

பிரெய்டு நூலை வெறும் ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்த நூலும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றும். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மீன் நூலை இழுத்துக்கொண்டே போகும். டிராக் பழுதாகிவிட்டது என்று தோன்றும். அடியில் நரம்பு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு நரம்பு என்பதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. ஸ்பூலில் 0.30–180 என்று அச்சிட்டிருந்தால், 0.30 மி.மீ. நரம்பு 180 மீட்டர் கொள்ளும் என்று பொருள். விட்டத்தின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்க வேண்டும்: 0.09 × 180 = 16.2. பி.இ. 1.5 நூலின் விட்டம் சுமார் 0.20 மி.மீ., நீளம் 150 மீட்டர்: 0.04 × 150 = 6. மீதி 10.2. அதை 0.09ஆல் வகுத்தால் 113 மீட்டர். அவ்வளவு 0.30 நரம்பு அடியில் போக வேண்டும். பிரெய்டு நூல் பெரும்பாலும் அட்டையில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் தடிமனாகவே இருக்கும் என்பதால் 100 மீட்டரில் நிறுத்துவது நல்லது.

கணக்கை நம்பாதவர்களுக்குப் பிசகவே பிசகாத வழி தலைகீழாக ஏற்றுவது. முதலில் பிரெய்டு 150 மீட்டரையும் வெறும் ஸ்பூலில் சுற்றி, அதன்மேல் முடிச்சுப் போட்டு நரம்பை, விளிம்புக்கு 2 மி.மீ. குறையும்வரை ஏற்றி வெட்டிவிட வேண்டும். பிறகு மொத்தத்தையும் வேறொரு ரீலுக்கு மாற்றி, அதிலிருந்து ஒரு வெற்று நூல் உருளைக்கு மாற்றி, கடைசியில் முதல் ரீலுக்கே கொண்டுவந்தால் நரம்பு அடியிலும் பிரெய்டு மேலேயும் இருக்கும். முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் அளவு அச்சாக வரும்.

பெயிலை (நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் கம்பி வளைவை) திறந்து வைத்துக்கொண்டுதான் நூல் முனையை ஸ்பூலில் கட்ட வேண்டும். மூடியபடி கட்டிவிட்டால் வீசுவதற்குத் திறக்கும்போது நூல் பெயிலுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்கும், திரும்ப அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும். முதல் தடவை கட்டுகிற பாதிப் பேர் இதில் மாட்டுகிறார்கள்.

ஏற்றும்போது நூலை ஈரத் துணியில் சுற்றி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் பிரெய்டு உரசிச் சூடாகும், விரலும் அறுபடும். எவ்வளவு இறுக்கம் என்றால், ஏற்றி முடித்த ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் நூல் நகரக் கூடாது. பஞ்சு மாதிரி அமுங்கினால் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை. தளர்வாக ஏற்றிய பிரெய்டில் பெரிய மீன் இழுத்தால் மேல்சுற்று அடிச்சுற்றுகளுக்குள் புதைந்துபோகும். அடுத்த வீச்சில் நூல் பாதியில் பிடித்து நின்று, லூர் மட்டும் அறுந்து பறந்துபோகும். 25 பவுண்டு நூல் காரணமே இல்லாமல் அறுந்தது என்று சொல்கிற இடத்தில் அனேகமாக நடந்திருப்பது இதுதான்.

முழுக்க நரம்பே ஏற்றுவதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நரம்பு உருளையைத் தரையில் படுக்க வைத்து, பதினைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு முழம் தளர்த்திப் பார்க்க வேண்டும். நரம்பு சுருண்டு முறுக்கிக்கொண்டால் உருளையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடரலாம். பிரெய்டுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. உருளைக்குள் பென்சிலைச் செருகி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுற்றினால் போதும்.

விளிம்புக்குக் கீழே எவ்வளவு விடுவது? பிரெய்டுக்கு 2 மி.மீ., நரம்புக்கு 3 மி.மீ. நிறைய ஏற்றினால் நூல் தானாகச் சரிந்து விழும். குறைவாக ஏற்றினால் ஒவ்வொரு வளையமும் விளிம்பில் உரசி வீச்சுத் தூரம் குறையும்.

ஏற்றி முடித்ததும் ஸ்பூலைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை. நூல் முன்னிருந்து பின்வரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் இம்மி தாழ்ந்திருந்தாலும் பரவாயில்லை. முன்விளிம்புப் பக்கம் நூல் குவிந்து, பின்பக்கம் பள்ளமாக இருந்தால் சிக்கு நிச்சயம், ஏனென்றால் முன்னால் குவிந்த சுற்றுகள் பின்னால் இருப்பவை வருவதற்கு முன்பே சரிந்து கொத்தாகக் கிளம்பும். இதற்கு மருந்து ரீல் பெட்டியிலேயே இருக்கும்: சின்னப் பாலித்தீன் பையில் இரண்டு மூன்று மெல்லிய வாஷர்கள். ஸ்பூலைக் கழற்றினால் நடுத்தண்டில் அதே வாஷர் ஒன்றோ இரண்டோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். நூல் முன்னால் குவிந்தால் ஒரு வாஷரைக் கூடுதலாகப் போட வேண்டும். ஸ்பூல் முன்னால் நகரும், நூல் பின்பக்கம் போய் உட்காரும். பின்னால் குவிந்தால் ஒரு வாஷரை எடுத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு முப்பது மீட்டராவது இழுத்து, திரும்பச் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்தது.

லீடர்

30 பவுண்டு நரம்பு ஒரு மீட்டர் போதும். கொடுவாவின் பல் சீலா பல் மாதிரி வெட்டாது. ஆனால் வாய் அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், செவுள் மூடியின் ஓரம் கத்திதான். இரண்டு மீன் பிடித்த பிறகு லீடரை விரலுக்கு நடுவே விட்டு உருவிப் பார்த்தால் கரடுமுரடு தெரியும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு லூரை மறுபடி கட்ட வேண்டும்.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எஃப்.ஜி. முடிச்சுக்கு நிகராக இன்னொன்று இல்லை. மெலிதாக இருப்பதால் ராடின் வளையங்களில் இடிக்காமல் போகும். பிரெய்டை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் லீடரை ஒரு தடவை மேலாக, ஒரு தடவை கீழாக மாற்றி மாற்றி இருபது குறுக்கல் போட வேண்டும். விரலை எடுக்காமல், பிரெய்டின் மீதி முனையால் லீடரையும் பிரெய்டையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சு. இப்போது எச்சில் தடவி இரண்டு பக்கமும் பலமாக இழுத்தால் குறுக்கல்கள் நெருங்கி, பிரெய்டின் நிறம் ஒரு படி கறுக்கும். நிறம் மாறாவிட்டால் முடிச்சு இறுகவில்லை, வழுக்கும். பிறகு லீடர் முனையை ஒட்ட வெட்டிவிட்டு, பிரெய்டு மேலேயே இன்னும் ஐந்தாறு அரைமுடிச்சு. கரையில் காற்றில் நின்று இது வராவிட்டால் இரட்டை யூனி போடலாம்: பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நான்கு. அது தடித்த முடிச்சு என்பதால் லீடரை 60 செ.மீ.க்குள் வைத்து, முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே தொங்கும்படி வீச வேண்டும்.

டிராக்

விரலால் இழுத்துப் பார்த்து டிராக் வைப்பது ஆளுக்கு ஆள் மாறும், காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்றாகவும் மாறும். பயணப் பெட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் சந்தேகமே இல்லை. நூலின் அறுபடும் எடையில் கால்பங்கு என்பது கணக்கு. 25 பவுண்டு என்றால் 11.3 கிலோ, கால்பங்கு 2.8. முடிச்சின் பலவீனத்தையும் சேர்த்து 2.5 கிலோவில் வைப்பது சரி. ராடை 45 பாகைக்கு உயர்த்திப் பிடித்து, நூல் எல்லா வளையங்கள் வழியாகவும் போகும்படி விட்டு, மற்றொருவர் தராசைக் கொண்டு நிதானமாக இழுக்க வேண்டும். ரீலிலிருந்து நேராக இழுத்து அளந்தால் வளையங்களின் உரசல் சேராது, உண்மையான எடை அதைவிடக் கூடவே இருக்கும்.

தராசில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஸ்பூல் நகரத் தொடங்கும் கணத்தில் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் டிராக் ஆரோக்கியம். தொடங்க 3.5, ஓட 2.5 என்று காட்டினால் டிராக் வாஷர் ஒட்டுகிறது. கொடுவா தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறும்போது அந்த ஒரு கிலோ வித்தியாசம்தான் முள்ளை வாயிலிருந்து பிடுங்கிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. மீன் நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போனதும் பயத்தில் டிராக்கை இறுக்குகிறார்கள். ஸ்பூலில் நூல் குறையக் குறைய விட்டம் சிறுக்கும், டிராக் தானாகவே இறுகும். நிறைந்த ஸ்பூலில் 48 மி.மீ. விட்டம் இருந்து, நூல் போன பிறகு 40 மி.மீ. ஆகிவிட்டால் 2.5 கிலோவாக வைத்தது 3 கிலோ ஆகியிருக்கும். தண்ணீரில் கிடக்கும் நூலின் இழுவை வேறு. அந்த நேரத்தில் டிராக் குமிழைத் தொடாமல் விடுவதே உத்தமம். தொட வேண்டியிருந்தால் கால் சுற்றுத் தளர்த்தலாம். கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய இடம், பாலத்தூணுக்குப் பக்கத்தில் மீன் திரும்பும்போது மட்டும்தான். அதற்கும் குமிழ் வேண்டாம், ஸ்பூல் விளிம்பில் உள்ளங்கையை மெல்ல அழுத்தினாலே போதும். மீன் பாய்ந்தால் கையை எடுத்துவிடலாம்.

வீச்சு

ரீலின் காம்பு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வர வேண்டும். வலக்கைக்காரர் வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றுவதுதான் வசதி. ஹேண்டில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம்.

பெயிலைத் திறப்பதற்கு முன் ரோட்டரைத் திருப்பி லைன் ரோலரை ராடுக்கு நேர் கீழே, ஆள்காட்டி விரலுக்கு எதிரே கொண்டுவர வேண்டும். நூல் விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், வீச்சின் வேகத்தில் ரோட்டர் தானாகத் திரும்பிப் பெயில் மூடிக்கொள்ளும் ஆபத்தும் குறையும். நூலை விரலின் முதல் கணுவுக்கு முன்னால், சதைப்பகுதியில் தாங்க வேண்டும். கணு மடிப்பில் மாட்டினால் விடுவதற்குத் தாமதமாகும். 30 கிராமுக்கு மேல் வீசுவதானால் விரலில் துணி பிளாஸ்டர் ஒரு சுற்று ஒட்டிக்கொள்வது கட்டாயம். பிரெய்டு விரலைக் கத்தி மாதிரி கீறும்.

நுனியிலிருந்து லூர் 40 செ.மீ. தொங்க வேண்டும்; இரட்டை யூனி போட்டிருந்தால் முடிச்சு வெளியே வரும் அளவுக்கு. ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், அது வளைந்து பாரம் ஏறுவதைக் கையில் உணர்ந்த பிறகு முன்னால் தள்ள வேண்டும். மேல்கை தள்ளும், அடிக்கட்டையைப் பிடித்த கை வயிற்றுப் பக்கம் இழுக்கும். தூரம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது, தோள் பலத்தில் இல்லை. லூர் வானத்துக்குக் கிளம்பினால் விரலை முன்கூட்டியே எடுத்துவிட்டோம். காலடியில் தண்ணீரை அறைந்தால் தாமதித்துவிட்டோம்.

மதியத்துக்கு மேல் சென்னைக் கடற்கரையில் கடல்காற்று முகத்தில் அடிக்கும். அப்போது உயரமாக வீசினால் நூல் வில்லாக வளைந்து பின்னால் தங்கும். தாழ்வாக, கிடைமட்டத்துக்குச் சற்று மேலே வீசி, லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் ஆள்காட்டி விரலை ஸ்பூல் விளிம்பில் பட்டும் படாமல் வைத்து நூலைத் தடுக்க வேண்டும். இந்தத் தடவல் பழகிவிட்டால் லூருக்கும் ராடுக்கும் நடுவே தொங்கும் நூல் பாதியாகக் குறையும். எதிர்க்காற்றில் விழுகிற சிக்குகளில் நிறைய இதோடு நின்றுவிடும்.

லூர் விழுந்த பிறகு இரண்டு நொடி

இந்த இரண்டு நொடியை ஒழுங்காகச் செய்தால் மீதி எல்லாம் மன்னிக்கப்படும். ஹேண்டிலைச் சுற்றிப் பெயிலை மூடக் கூடாது. கையால் மூட வேண்டும். மூடியதும் ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நூலைப் பிடித்து ஒரு சுண்டு. அந்தச் சுண்டில் நூல் ரோலரின் பள்ளத்தில் போய் உட்காருவது விரலில் தெரியும். பிறகுதான் முதல் சுற்று. ஹேண்டிலால் மூடினால் பெயில் அறைந்து விழும்போது நூல் தளர்வாகவே இருக்கிறது. முதல் சுற்று ரோலரில் ஏறாமல் பெயில் கம்பியில் தொங்கியபடியே ஸ்பூலில் விழும். அதுதான் வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

லூரை ஆட்டும் விதத்திலும் தளர்வு வரும். கொடுவாவுக்கு அடியை ஒட்டி ஆட்டுவது வழக்கம்: 10 முதல் 14 கிராம் ஜிக் தலையில் 4 அங்குல ரப்பர் மீன், நுனியை இரண்டடி உயர்த்தி, கீழே விழ விடுவது. லூர் கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலும் அடி விழும் (மீன் கவ்வும்), அதனால் நுனியை லூரோடு சேர்ந்தே தாழ்த்தி நூலை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். தாழ்த்தித் தாழ்த்திச் சுற்றும் அந்த அரைச் சுற்று எடையே இல்லாத நூலைச் சுற்றுவது. பத்து ஆட்டுக்கு ஒரு முறை ஸ்பூலில் பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு சேர்ந்துவிடும். ராடைப் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்றினால் அந்த அடுக்கு வராது. கை தானாகச் செய்யும்வரை இதைப் பழக வேண்டும்.

பாறைக்கும் சீலாவுக்கும் இந்தக் கவலை இல்லை. வேகமாக இழுப்பதால் நூலில் எப்போதும் பாரம் இருக்கும். 48 மி.மீ. ஸ்பூல், 5.2 விகிதம் என்றால் ஒரு சுற்றுக்கு 78 செ.மீ. வரும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் ஒன்றரை மீட்டர். சீலா துரத்த அந்த வேகம் சரி. ஆனால் லீடருக்கு முன்னால் ஒரு சாண் கம்பி வேண்டும்.

சிக்கு விழுந்துவிட்டால்

ஸ்பூலில் பூனை மீசை மாதிரி ஒரு வளையம் துருத்திக்கொண்டு நிற்பது தெரிந்தால் அந்த நிலையில் வீசவே கூடாது. பெயிலைத் திறந்து, அந்த வளையம் தாண்டும்வரை நூலைக் கையால் உருவி, கிள்ளிப் பிடித்தபடி திரும்பச் சுற்றினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

வீசிய பிறகு கொத்தாக வந்து ராடின் வளையத்தில் மாட்டிக்கொண்டால் முதல் விதி, இழுக்காதே. இழுத்த கணத்தில் வளையக் கொத்து முடிச்சாகிவிடும். கொத்தை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டு, எந்த வளையத்துக்குள் மற்றவை புகுந்து வந்திருக்கின்றன என்று தேட வேண்டும். அனேகமாக அது முடிச்சே இல்லை. ஒரே ஒரு பெரிய வளையம் மற்றவற்றைக் கழுத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு பக்க நூலையும் கொத்தை நோக்கித் தள்ளிக் கொடுத்தால் அந்தக் கழுத்து நெகிழும். ஊக்கின் முனையால் அதை மெல்லத் தூக்கிப் பெரிதாக்கினால் மீதி தானாக உதிரும். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தும் பிடி கொடுக்கவில்லை என்றால் வெட்டிவிடலாம். 150 மீட்டரில் இருபது மீட்டர் போனால் மீன்பிடி நின்றுவிடாது. முடிச்சோடு வீசினால் லூர் போகும்.

நூல் முறுக்கேறியிருப்பது வேறு கதை. ராடு நுனியிலிருந்து ஒரு மீட்டர் நூலை முனையைக் கையில் பிடித்துத் தளர்வான வளைவாகத் தொங்கவிட்டால் இரண்டு கால்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். லூர், சுழலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நூலை ஓடும் நீரில் 60 மீட்டர் விட்டு ஐந்து நிமிடம் இழுபட விட்டால் முறுக்கு கழன்று போகும். நீரோட்டம் இல்லாத இடத்தில் புல்வெளியில் நூலைப் பரப்பி, நடந்து இழுத்து, ஈரத் துணிக்கு நடுவே சுற்றி எடுக்கலாம். சுழலும் ஸ்பின்னர் பிளேடு போடும்போது பேரிங் உள்ள சுழலி இல்லாமல் கட்டவே கூடாது.

மீன் பிடித்த பிறகு

அடி விழுந்ததும் ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்காமல் 45 பாகையில் நிறுத்த வேண்டும். மீன் ஓடுகிறதா, ஹேண்டிலில் கை இருக்கலாம், சுற்றக் கூடாது. டிராக் சத்தம் வந்தால் சுற்று நிற்க வேண்டும். மீன் நின்றதும் ராடை மெதுவாக உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும். ராடு தூக்கும், ரீல் சேர்க்கும். ரீலால் மீனை இழுத்தால் பல்சக்கரம் தேயும். கொடுவா எழும்பும்போது நுனியைத் தண்ணீருக்குத் தாழ்த்திவிட வேண்டும். கரைக்கு ஐந்து மீட்டரில் வந்ததும் நூல் நீளம் குறைவதால் நெகிழ்வு போய்விடும். அந்த இடத்தில் டிராக்கைக் கால் சுற்றுத் தளர்த்தி வைப்பது நல்ல பழக்கம்.

கழுவி வைப்பது

ரீலை மணலில் வைக்கவே கூடாது. விழுந்துவிட்டால் ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் தண்ணீர் விட்டு மணலை இறக்க வேண்டும். திருப்பினால் கிரீஸோடு சேர்ந்து மணல் அரைத்துவிடும்.

வீடு திரும்பியதும் டிராக்கை முழுக்க இறுக்கிவிட்டு, பூவாளித் தூறல் மாதிரி நல்ல தண்ணீரை ஒரு நிமிடம் ஊற்ற வேண்டும். டிராக் இறுக்கம், வாஷர்களுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். வாளியில் முக்குவதும் அப்படித்தான். பிறகு உதறி, துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, ஸ்பூலைக் கழற்றி நிழலில் உலர்த்தலாம். தளர்த்தாமல் மாதக்கணக்கில் வைத்தால் ஃபெல்ட் வாஷர்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். தராசில் தொடக்க எண் ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடிக்கடி கவனிக்க வேண்டிய பாகம் லைன் ரோலர். ஒரு முழ நூலை அதன்மேல் போட்டு இரண்டு பக்கமும் மாற்றி இழுத்தால் ரோலர் சுழல வேண்டும்; நூல் மட்டும் வழுக்கினால் உள்ளே உப்பு கட்டியிருக்கிறது. ஒரே ஒரு திருகுதான். ஆனால் கழற்றினால் உள்ளிருந்து மெல்லிய வாஷர், ரோலர், அதற்குள் பேரிங், பிளாஸ்டிக் புஷ் என்று வரிசையாக விழும். வெள்ளைத் துணி விரித்து, வருகிற வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தலை சுற்றாது. பேரிங்கில் வெள்ளைப் பொடி தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பென்சில் முனையில் மாட்டிச் சுண்டினால் சத்தமில்லாமல் சுழல வேண்டும். கரகரத்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து புதிது போட்டுவிடலாம். நன்றாக இருந்தால் தையல் மெஷின் ஆயில் ஒரே சொட்டு. கடலுக்கு நாலைந்து தடவை போய்வந்தால் ஒரு முறை இது தேவைப்படும்.

பல்சக்கரத்துக்கு மரைன் கிரீஸ், பேரிங்குக்கு மெல்லிய ஆயில். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் ரீல் அந்த நேரத்துக்கு வழுவழுவென்று சுற்றும், உள்ளே இருந்த கிரீஸும் கரைந்து போயிருக்கும். ரோட்டருக்கு அடியில் இருக்கும் ஒருவழி கிளட்ச்சில் கிரீஸ் படவே கூடாது. ஹேண்டில் திடீரென்று பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால், குறிப்பாகச் சர்வீஸ் செய்த மறுநாளே வழுக்கினால், கிளட்ச் உருளைகளில் கிரீஸ் ஏறியிருக்கிறது. ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, பஞ்சுக் குச்சியில் ஆயிலைத் தொட்டு, அதையும் காகிதத்தில் ஒற்றிவிட்டு உருளைகளில் தடவினால் பிடிப்பு திரும்பி வரும்.

ஸ்பூலைத் திரும்ப மாட்டும்போது நடுத்தண்டில் இருந்த வாஷர்கள் ஸ்பூலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிரீஸ் பசையில் ஒன்று ஒட்டி, துடைக்கும்போது துணியோடு போய்விடும். அடுத்த முறை நூல் முன்னால் குவியத் தொடங்கினால் அந்த வாஷரைத்தான் தேட வேண்டும்.